பிடிஎஸ்டி கோச் ஆப்: பட்டாளத்துக்காரருக்கும் ஃபயர் சர்வீஸ்காரருக்கும் உதவுகிறதா?

பிடிஎஸ்டி கோச் என்று ஒரு ஆப் இருக்கிறது. காசு கிடையாது, விளம்பரம் கிடையாது, ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் கிடைக்கிறது. அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினரைக் கவனிக்கும் அரசுத் துறை 2011-ல் வெளியிட்டது. போர், விபத்து, சாவு என்று பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு மனசில் தங்கிப்போகும் காயம் இருக்கிறதே, டாக்டர்கள் பிடிஎஸ்டி என்று சொல்வது, அதற்காகச் செய்தது. என் அண்ணன் பட்டாளத்தில் இருந்து வந்தவர். நான் மதுரையில் தீயணைப்புத் துறையில் இருக்கிறேன். ரெண்டு பேருமே இதைப் பயன்படுத்துகிறோம் என்பதால் எழுதுகிறேன். ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சு படபடக்கும்போது கைக்கு எட்டுகிற உதவி என்ற அளவில் இது ரொம்ப நல்ல ஆப். இதுவே வைத்தியம் என்று நினைத்து இறக்கிக்கொண்டால் ஏமாந்துபோவீர்கள். தமிழ் இல்லை என்பது பெரிய குறை, அதை நாங்கள் எப்படிச் சமாளித்தோம் என்று கீழே சொல்கிறேன்.

யாருக்கு இது தேவை என்று முதலில் சொல்ல வேண்டும். உசிலம்பட்டி, பேரையூர், திருமங்கலம் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் பட்டாளத்தில் இருந்தவர் நாலு பேராவது இருப்பார்கள். மிலிட்டரி ஆளு, கோபம் வரும், தூங்க மாட்டாரு, கேன்டீன் சரக்கு ரெண்டு பெக் போட்டாத்தான் படுப்பாரு என்று ஊரே சொல்லிப் பழகிவிட்டது. வீட்டில் இருப்பவர்கள் கோயிலுக்குக் கூட்டிப்போய் மந்திரித்துக் கயிறு கட்டுவார்கள். அந்த நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை, கயிறு கட்டிய பிறகு நாலு நாள் நிம்மதியாகத் தூங்கினால் அதுவும் சந்தோஷம்தான். ஆனால் ஒரு மனிதர் முப்பது வருஷமாகச் சரியாகத் தூங்காமல் இருப்பதை அவர் சுபாவம் என்று விட்டுவிடுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை எழுதி வாங்குகிற அதே மனிதருக்கு இதற்கும் வைத்தியம் இருக்கிறது என்று யாரும் சொல்லவே இல்லை.

அண்ணன் மெட்ராஸ் ரெஜிமெண்ட். 1987-ல் இலங்கைக்குப் போன அமைதிப் படையில் இருந்தார். அந்த வருஷம் ஜூலையில் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தம், அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் புலிகளோடு சண்டை, கடைசிப் படைப்பிரிவு திரும்பி வந்தது 1990 மார்ச்சில். நம் ராணுவத்தில் மட்டும் ஆயிரம் பேருக்கு மேல் அங்கே இறந்துபோனார்கள். அண்ணனுக்கு அதில் ஆறாத விஷயம் வேறு. ஒரு வீட்டைச் சோதனை போட உள்ளே போனால் மூலையில் உட்கார்ந்து அழுகிற கிழவி தமிழில் அழுகிறாள், ஐயா ராசா என்று கும்பிடுகிறாள், கூடப் போன வடக்கத்தி வீரனுக்கு அது வெறும் சத்தம், இவருக்கு ஒவ்வொரு சொல்லும் புரிகிறது. ஊருக்குத் திரும்பி வந்தால் தமிழ்நாட்டில் அந்தப் படை மேலேயே கோபம். எங்கே இருந்து வருகிறாய் என்று பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் கேட்டால் பதில் சொல்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்ட ஆள் அவர். இதையெல்லாம் என்னிடம் அவர் சொன்னதே சமீபத்தில்தான்.

அப்புறம் வேட்டு. மதுரையில் வேட்டு இல்லாத மாசம் ஏது? சித்திரைத் திருவிழா, அழகர் வருகிற பாதை முழுக்க மண்டகப்படி, பங்குனிப் பொங்கல், கட்சிக்காரர் வருகை, கல்யாண மண்டப வாசல், தீபாவளி. எல்லாவற்றையும்விட மோசம் சாவு ஊர்வலம், ஏனென்றால் அது சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஒருநாள் மத்தியானம் தெருவில் பாடை போகும்போது போட்ட வெடிக்கு, டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்த அண்ணன் அப்படியே சரிந்து கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் போய்க் குந்திவிட்டார். டம்ளர் கையில்தான் இருக்கிறது, டீ மட்டும் சட்டை முழுக்க. பேத்தி அதைப் பார்த்துவிட்டு, தாத்தா ஒளிஞ்சு விளையாடுறாரு என்று கை தட்டியது. அன்றைக்கு ராத்திரிதான் இந்த ஆப்பை அவர் போனில் இறக்கினேன். இது என்னத்துக்குடா, நான் என்ன பைத்தியமா என்றார். பைத்தியம் இல்லண்ணே, எனக்கும் இருக்கு, நானும் வச்சிருக்கேன் என்று என் போனைக் காட்டிய பிறகுதான் வாங்கிப் பார்த்தார்.

சரி, ஆப்புக்கு வருகிறேன்.

திறந்ததும் நாலு பகுதி. படித்துத் தெரிந்துகொள்ள ஒன்று, நம் நிலைமை எப்படி இருக்கிறது என்று அளந்து பார்க்க ஒன்று, தொந்தரவு வரும்போது அதைச் சமாளிக்க ஒன்று, உதவிக்கு ஆள் தேட ஒன்று. நாலில் உயிர் மூன்றாவதில்தான் இருக்கிறது, மேனேஜ் சிம்ப்டம்ஸ் என்று போட்டிருக்கும். அதைத் தொட்டால் இப்போது என்ன செய்கிறது என்று கேட்கும்: பழசு ஞாபகம் வந்துவிட்டதா, கோபமா, தூக்கம் வரவில்லையா, கவலையா, மனசு வெறுத்துப்போய் இருக்கிறதா, ஆட்களோடு ஒட்டவில்லையா. ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் ஒரு தெர்மாமீட்டர் படம் வரும், பூஜ்யத்தில் இருந்து பத்து வரை எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று விரலால் ஏற்றிக் காட்ட வேண்டும். உடனே ஒரு பயிற்சியைக் கொடுக்கும். மூச்சை மெதுவாக விடுவது, உடம்பைப் பகுதி பகுதியாக இறுக்கி விடுவது, சுற்றி இருக்கிற பொருளைக் கவனித்து இந்த இடத்துக்கு மனசைக் கொண்டு வருவது, கோபம் வந்தால் இடத்தை விட்டு நகர்ந்து கொஞ்சம் ஆறுவது, இப்படி நிறைய இருக்கிறது. பிடிக்கவில்லை என்றால் வேறொன்று கேட்கலாம். முடிந்ததும் மறுபடி தெர்மாமீட்டர். எட்டில் இருந்தது ஐந்துக்கு வந்திருக்கிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

இந்தத் தெர்மாமீட்டர் சின்ன விஷயமாகத் தெரியலாம். அண்ணன் மாதிரி ஆட்களுக்கு அதுதான் பெரிய விஷயம். என்ன செய்யுது என்று கேட்டால் ஒண்ணும் இல்லை என்று சொல்லியே வாழ்க்கையை ஓட்டியவர்கள். ஒரு எண்ணைச் சொல் என்றால் சொல்லிவிடுகிறார். இப்போது மதினி காலையில் எழுந்ததும், ராத்திரி எத்தனைங்க என்றுதான் கேட்கிறது, இவரும் ஏழு, நாலு என்று சொல்லிவிட்டுப் பல் விளக்கப் போகிறார். கல்யாணம் ஆன நாளில் இருந்து இந்த விஷயத்தில் அவர்கள் ரெண்டு பேருக்கும் நடுவில் நடந்த முதல் பேச்சுவார்த்தை அது.

மூச்சுப் பயிற்சியில் மந்திரம் ஒன்றும் இல்லை. பயத்தில் உடம்பு ஓடத் தயாராகிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு மேலேயே நிற்கிறது. மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்கினால் இதயத் துடிப்பு தானாகக் குறையும், ஆபத்து முடிந்தது என்று உடம்புக்குத் தெரியும். தண்ணி தெளித்துப் பால் பொங்குவதை அடக்குகிற மாதிரிதான், அடுப்பு இன்னும் எரிந்துகொண்டுதான் இருக்கும், ஆனால் அந்த நேரத்துக்குப் பால் வழியாது. அந்த அளவுக்கு எதிர்பார்த்தால் இந்த ஆப் ஏமாற்றாது.

நமக்குப் பிடித்த படங்களையும் பாட்டையும் உள்ளே சேர்த்துக்கொள்ளலாம் என்பது எனக்குப் பிடித்திருந்தது. அதில் வருகிற கடற்கரையும் மலையும் யாருக்கோ நிம்மதி தரலாம், அண்ணனுக்குத் தரவில்லை. பேத்தி படம், எங்கள் ஊர்க் கண்மாய்க் கரை, அழகர்கோயில் போகிற வழியில் எடுத்த மரம் என்று நாலைந்து படம் போட்டுக் கொடுத்தேன், நாதஸ்வரம் ஒன்று ஏற்றினேன். பிடித்த பயிற்சிகளைத் தனியாகக் குறித்து வைத்துக்கொண்டால் தேடாமல் எடுக்கலாம். பெரும்பாலான பயிற்சிகளுக்கு நெட் வேண்டாம், டவர் கிடைக்காத தோட்டத்திலும் வேலை செய்கிறது.

இன்னொன்று, பெயர் கேட்காது, போன் நம்பர் கேட்காது, மெயில் கேட்காது. நாம் போடுவது நம் போனிலேயே இருக்கும். எங்கள் மாதிரி வேலையில் இருப்பவர்களுக்கு இதன் மதிப்பு தெரியும். மனசு சரியில்லை என்று வெளியே தெரிந்தால் கூட வேலை பார்ப்பவன் என்ன நினைப்பான், பொண்ணு கொடுத்த வீட்டில் என்ன பேசுவார்கள் என்ற பயத்திலேயே பாதிப் பேர் வாயைத் திறப்பதில்லை. யாருக்கும் தெரியாமல் முதல் அடி எடுத்து வைக்க ஒரு இடம் என்பதே இந்த ஆப்பின் பெரிய பலம் என்று நான் சொல்வேன்.

என் கதை வேறு மாதிரி. ராணுவத்துக்காகச் செய்த ஆப் ஃபயர் சர்வீஸுக்கும் 108 ஆம்புலன்ஸில் இருக்கிற பிள்ளைகளுக்கும் போலீஸுக்கும் பொருந்துமா என்று கேட்டால், பொருந்தும், ஒரு இடத்தில் மட்டும் இடிக்கும். இந்தப் பக்கம் எங்களுக்கு வருகிற அழைப்பு எப்படி என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. 2012-ல் சிவகாசி முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை, 2018-ல் குரங்கணிக் காட்டுத் தீ, 2020 தீபாவளி அன்றைக்கு மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடைத் தீயில் கட்டடம் இடிந்து தீயணைப்பு வீரர்கள் ரெண்டு பேர் இறந்தது, 2023 ஆகஸ்டில் மதுரை ஜங்ஷனில் நின்ற சுற்றுலா ரயில் பெட்டி எரிந்து ஒன்பது பேர் செத்தது, இதெல்லாம் பேப்பரில் வந்தவை. பேப்பரில் வராதவைதான் அதிகம், அதில் முக்கால்வாசி கிணறு. கமலைக் கிணறு, கைப்பிடிச் சுவர் இல்லாத தோட்டக் கிணறு, மாடு விழும், குடிகாரன் விழுவான், சண்டை போட்டுக்கொண்டு பொம்பளைப் பிள்ளை குதிக்கும், பள்ளிக்கூடம் விட்டு வந்து நீச்சல் பழகுகிறேன் என்று இறங்குகிற பையன்.

ஒரு பையனை எடுத்து மேலே கொண்டு வந்ததில் இருந்து எனக்குக் கொடியில் நனைந்த யூனிபார்ம் தொங்கினால் ஆகாது. நெருப்பு எனக்குத் தொந்தரவு தருவதில்லை, எத்தனையோ நெருப்பைப் பார்த்தாயிற்று. காக்கி டவுசரில் இருந்து தண்ணி சொட்டுச் சொட்டாகச் சிமெண்ட் தரையில் விழுகிற சத்தம், அது போதும், காது அடைத்துவிடும், கையில் அந்தக் கனம் வந்துவிடும். வீட்டில் யூனிபார்மைப் பிழிந்து மொட்டை மாடியில்தான் காயப்போடுகிறார்கள், ஆனால் தெருவில் எல்லா வீட்டிலும் பள்ளிக்கூடப் பிள்ளை இருக்கிறதே. முதன்முதலில் நடுத்தெருவில் நின்றுகொண்டு ஆப்பைத் திறந்து, பழசு ஞாபகம் வந்துவிட்டது என்பதைத் தொட்டேன், ஒன்பது என்று ஏற்றினேன், சுற்றி இருப்பதைக் கவனி என்று வந்தது. எதிர் வீட்டுத் திண்ணையில் கிடந்த முறம், அதில் காய்ந்த மிளகாய், சைக்கிள் கேரியரில் கட்டின பால் கேன், எங்கேயோ குக்கர் விசில். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனதில் கனம் இறங்கியது. முழுசாகப் போகவில்லை, நடக்க முடிந்தது, வேலைக்குப் போனேன்.

இடிக்கிற இடம் என்று சொன்னேனே, அது அளந்து பார்க்கும் பகுதி. இருபது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்தில் இருந்து நாலு வரை, மொத்தம் 80. கடந்த ஒரு மாசத்தில் கெட்ட கனவு வந்ததா, ஞாபகப்படுத்துகிற இடத்துக்குப் போகாமல் தவிர்த்தாயா, உன்னை நீயே குற்றம் சொன்னாயா, சத்தத்துக்குத் திடுக்கிட்டாயா என்று கேட்கும். உலகம் முழுக்க டாக்டர்கள் பயன்படுத்துகிற அதே கேள்வித்தாள்தான். 31-33 அல்லது அதற்கு மேல் போனால் பிடிஎஸ்டி இருக்கலாம், டாக்டரைப் பார்ப்பது நல்லது என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆப் முடிவு செய்வதில்லை, செய்யவும் கூடாது, அந்த மார்க்கை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனால் பேச்சைத் தொடங்க உதவும். ஆனால் ஏதோ ஒரு கொடுமையான அனுபவத்தை மனசில் வைத்துக்கொண்டு பதில் சொல்லச் சொல்கிறது. அண்ணனுக்கு அது சுலபம், அவர் போர் 1990-ல் முடிந்துவிட்டது. எனக்கு எதை வைத்துக்கொள்வது? போன வாரமும் கிணறு, அடுத்த வாரமும் கிணறு இருக்கும். ஒன்றன் மேல் ஒன்றாகச் சேர்ந்துகொண்டே போகிற வேலையில் இருப்பவனுக்கு அந்தக் கேள்வித்தாள் முழுசாகப் பிடி கொடுக்கவில்லை. மிக மோசமானது எதுவோ அதையே ஒவ்வொரு முறையும் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு மனநல ஆலோசகர் சொன்னார், அப்படிச் செய்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதாவது கோடு போட்டுக் காட்டும் படத்தில் தெரிகிறது.

இப்போது தமிழ்ப் பிரச்சினை. ஆப்பில் ஆங்கிலம் இருக்கிறது, ஸ்பானிஷ் இருக்கிறது, தமிழ் இல்லை. அண்ணனுக்குப் பட்டாளத்து இந்தி வரும், ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிப்பார். அமெரிக்கப் பெண் குரல் ஒன்று மெதுவாக மூச்சை இழு என்று சொன்னால் இவருக்கு அது காதில் விழுவதோடு சரி. நாங்கள் செய்தது இதுதான்: தேவையான மூன்று பயிற்சியை மட்டும் எடுத்துக்கொண்டோம், அதில் சொல்வதை என் மகள் தமிழில் எழுதினாள், அதை மதினி குரலில் போனில் பதிந்து, பாட்டுச் சேர்க்கிற இடத்தில் சேர்த்துவிட்டோம். ராத்திரி படுக்கையில் அவர் காதில் கேட்பது மதினி குரல், காலை நீட்டுங்க, பெருவிரலை இறுக்குங்க, இப்ப விடுங்க என்று. அமெரிக்காக்காரி சொன்னதற்குக் கேட்காத உடம்பு இதற்குக் கேட்கிறது. வீட்டில் ஆங்கிலம் படிக்கிற பிள்ளை இருந்தால் யாரும் ஒரு சாயங்காலத்தில் செய்துவிடலாம். இருபது கேள்வியையும் அப்படியே எழுதி வைத்திருக்கிறோம், ஆனால் நாமாக மொழிபெயர்த்த கேள்வித்தாளில் வருகிற மார்க்கை ரொம்ப நம்ப வேண்டாம், கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

படிக்கிற பகுதி நன்றாக இருக்கிறது, எளிமையாக எழுதியிருக்கிறார்கள். இந்த நோய்க்கு இந்தப் பெயர் வந்ததே 1980-ல், வியட்நாம் போருக்குப் பிறகு. அதற்கு முன்னால் எத்தனையோ போரில் எத்தனையோ பேர் பெயரில்லாமலேயே கஷ்டப்பட்டிருக்கிறார்கள். என்ன என்ன அறிகுறி, ஏன் தவிர்க்கத் தவிர்க்கப் பயம் பெரிசாகிறது, என்ன சிகிச்சை இருக்கிறது என்று வருகிறது. தவிர்ப்பதைப் பற்றி வருகிற பகுதியை அண்ணனுக்கு நான் படித்துச் சொன்னேன். திருவிழா என்றால் ஊரை விட்டே போய்விடுவார், சொந்தத் தங்கச்சி மகள் கல்யாணத்துக்கே வெடி போடுவார்கள் என்று வரவில்லை. அந்த நேரத்துக்கு நிம்மதிதான், ஆனால் அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் தூரம் ஓட வேண்டியிருக்கும் என்று கேட்டதும் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார்.

உதவிக்கு ஆள் தேடும் பகுதி நமக்கு உபயோகம் இல்லை. அதில் இருப்பது எல்லாம் அமெரிக்க நம்பர். அதில் நம் ஆட்களை நாமே சேர்த்துக்கொள்ளலாம், அதை முதல் நாளே செய்துவிடுங்கள். நான் முதலில் போட்டது 14416. டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண், மத்திய அரசு 2022 அக்டோபர் 10-ல் தொடங்கியது, நம் மாநிலத்தில் நட்புடன் உங்களோடு என்ற பெயரில் நடக்கிறது. இருபத்து நாலு மணி நேரமும் உண்டு, காசு இல்லை, தமிழில் பேசலாம். ராணுவத்தினருக்காகவே புனேயில் ஒரு தனிப் பிரிவும் 2023 டிசம்பரில் தொடங்கியிருக்கிறார்கள். அண்ணனைப் பேச வைக்க நான் முதலில் என் விஷயத்துக்குப் பேசினேன், ஸ்பீக்கரில் போட்டு, அவர் பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தார். பேசிய அம்மா அவசரப்படுத்தவில்லை. தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, குடி உண்டா, செத்துப்போகலாம் என்று எப்போதாவது தோன்றியதா என்று நேராகவே கேட்டார்கள். அந்தக் கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொல்லும்போது அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் அவரே கூப்பிட்டார். மனநல மருத்துவரிடம் போக ஒத்துக்கொண்டது அதற்கு அப்புறம்தான். தற்கொலை எண்ணம் இருப்பவர்கள் இந்த ஆப்பில் பயிற்சி தேடிக்கொண்டிருக்க வேண்டாம், நேராக 14416, அல்லது பக்கத்தில் இருக்கிற அவசரச் சிகிச்சைப் பிரிவு. மதுரையில் அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, முன்னாள் ராணுவத்தினருக்கு இ.சி.எச்.எஸ். என்கிற மருத்துவத் திட்டம் இருக்கிறது.

ஆப்பால் தொடவே முடியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். பயத்துக்கும் படபடப்புக்கும் தூக்கத்துக்கும் அதில் மருந்து இருக்கிறது. குற்ற உணர்வுக்கு இல்லை. அந்தக் கிழவி கும்பிட்டதை நினைத்து அண்ணன் படுகிற பாட்டுக்கு மூச்சுப் பயிற்சி என்ன செய்யும்? அவர் பயப்படவில்லை, வெட்கப்படுகிறார். நான் இன்னும் கொஞ்சம் வேகமாக இறங்கியிருந்தால் அந்தப் பையன் பிழைத்திருப்பான் என்று எனக்குத் தோன்றுவதும் அந்த ரகம். அதற்கு எதிரில் உட்கார்ந்து கேட்க ஒரு ஆள் வேண்டும். காக்னிடிவ் ப்ராசஸிங் தெரபி என்று ஒரு முறை இருக்கிறது, வழக்கமாகப் பன்னிரண்டு அமர்வு, நடந்ததைப் பற்றி நமக்குள் உறைந்துபோன முடிவுகளை எடுத்து வைத்து ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்பது. நடந்ததையே திரும்பத் திரும்பச் சொல்லவைத்து, பயந்து ஒதுங்குகிற இடத்துக்கும் படிப்படியாகக் கூட்டிப்போகிற ப்ரோலாங்டு எக்ஸ்போஷர் என்று ஒன்று, கண் அசைவோடு செய்கிற இ.எம்.டி.ஆர். என்று ஒன்று. அமெரிக்க ராணுவத் துறையே முதலில் பரிந்துரைப்பது இந்த மூன்றைத்தான். இந்த ஆப்பைச் செய்தவர்களும் சிகிச்சைக்குப் பதிலாக இது என்று எங்கேயும் சொல்லவில்லை.

அண்ணன் இப்போது ஒரு உளவியலாளரிடம் போகிறார். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, ஏன் அது நடந்தது என்று நினைக்கிறீர்கள் என்பதை உங்கள் கையால் எழுதி வாருங்கள் என்று வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறார்கள். முதல் பக்கத்தில் நான் கேட்டிருக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதிவிட்டு அதை அடித்து, மறுபடி அதையே எழுதியிருக்கிறார். யாரிடம் என்ன கேட்டிருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை, அது அவருக்கும் அந்த உளவியலாளருக்கும். அந்த அமர்வு முடிந்து வருகிற அன்றைக்கு ராத்திரி தூக்கம் கெடும், முன்பைவிட அதிகமாகவே கெடும், அன்றைக்குத்தான் ஆப் அதிகம் கைக்கு வருகிறது. இந்த ஆப்புக்குச் சரியான இடம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது, ஒரு அமர்வுக்கும் அடுத்ததற்கும் நடுவில்.

ஆராய்ச்சியும் ஏறக்குறைய அதையே சொல்கிறது. 2017-ல் வந்த ஒரு ஆய்வில் 120 பேரை ரெண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மூன்று மாசம் இந்த ஆப், மறு பாதிக்குக் காத்திருப்பு. ஆப் வைத்திருந்தவர்களுக்கு முன்னேற்றம் அதிகம், ஆனால் மலைக்க வைக்கிற வித்தியாசம் இல்லை. இலவசமாகக் கிடைக்கிற ஒன்றுக்கு அது நல்ல பலன்.

மாத்திரை, சரக்கு பற்றி ஒரு வார்த்தை. தூக்க மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் வாங்கி வருஷக்கணக்கில் போடுகிற ஆட்களை எனக்குத் தெரியும். அல்பிரசோலம் மாதிரி மாத்திரைகள் பிடிஎஸ்டிக்குச் சிகிச்சையே இல்லை, வேண்டாம் என்றுதான் அமெரிக்க ராணுவ வழிகாட்டி சொல்கிறது. செர்ட்ராலின் மாதிரி வேறு மாத்திரைகள் இருக்கின்றன, டாக்டர் எழுத வேண்டும். ஏற்கெனவே போட்டுக்கொண்டிருப்பதைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது, டாக்டர் சொல்படி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். சரக்கு படுக்க வைக்கும், நடு ராத்திரியில் எழுப்பிவிடும், கெட்ட கனவு கூடும். அண்ணன் குடியை விட்டுவிட்டார் என்று சொல்ல ஆசைதான், குறைத்திருக்கிறார்.

வீட்டில் இருப்பவர்களுக்கு பிடிஎஸ்டி ஃபேமிலி கோச் என்று அவர்களே தனியாக ஒன்று விட்டிருக்கிறார்கள், அதுவும் இலவசம், அதுவும் ஆங்கிலம். மதினிக்கு அதில் இருந்து என் மகள் கொஞ்சம் படித்துச் சொன்னாள். கோபத்தில் கத்தும்போது பதிலுக்கு நிற்காதே, உன் தூக்கத்தையும் பார், நீ காரணம் இல்லை என்று வந்ததும் மதினி, இதை இன்னொருக்கா படி என்றது. முப்பது வருஷமாக மாமியார், நாத்தனார், அக்கம்பக்கம் எல்லோரும், நீ சரியா இருந்தா அவன் ஏன் இப்படி இருக்கான் என்று சொல்லிக் கேட்டே பழகின காது அது. வீட்டம்மாவுக்கு இந்த ஒரு வரி தமிழில் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே யாராவது இந்த ரெண்டு ஆப்பையும் தமிழில் செய்ய வேண்டும். மென்பொருள் படித்த பிள்ளைகளும் மனநலம் படித்த பிள்ளைகளும் மதுரையில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், கேள்விகளையும் குரலையும் நம் ஊருக்குத் தகுந்த மாதிரி, வேட்டும் கிணறும் வருகிற மாதிரி செய்து கொடுத்தால் புண்ணியமாகப் போகும். சோதித்துப் பார்க்க ஆள் வேண்டும் என்றால் நானும் அண்ணனும் வருகிறோம்.

ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கு ஐந்துக்கு நாலு கொடுப்பேன். தெரியாதவர்களுக்கு, பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஆள் இருந்தால் மூன்று, ஆள் இல்லை என்றால் ஆப்பை விட்டுவிட்டு 14416-ஐ மட்டும் போனில் பதிந்துகொள்ளுங்கள். இறக்குகிறவர்கள் மேலே சொன்ன நாலு பகுதியையும் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல், தொந்தரவு இல்லாத பகல் நேரத்தில் மூச்சுப் பயிற்சியை மட்டும் நாலைந்து நாள் பழகுங்கள், நெஞ்சு படபடக்கும்போது முதல் தடவையாகத் திறந்தால் எந்தப் பொத்தான் எங்கே என்றே தெரியாது. படமும் பாட்டும் ஏற்றுங்கள், நம் நம்பர்களைச் சேருங்கள், போனுக்குப் பூட்டுப் போடுங்கள். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னாலேயே இதையெல்லாம் செய்து வைத்துக்கொள்ளுங்கள், வெடி அதற்கும் முன்னாலேயே ஆரம்பித்துவிடும்.